ஏரிக்கரையில் ஒயின், கண்மாய்க்கரையில் கேஸ்!

ஐப்பசி பிறந்துவிட்டால் சிலருக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. தீபாவளி லீவோடு ரெண்டு நாள் சேர்த்துப் போட்டு எங்காவது கிளம்பிவிட வேண்டும். முன்பெல்லாம் குற்றாலம், கொடைக்கானல். இப்போது புதுசாக ஒரு ஆசை வந்திருக்கிறது: ஏரிக்கரையில் இருக்கும் திராட்சைத் தோட்டம். பெங்களூரில் வேலை பார்க்கும் ராஜபாளையத்துப் பையன் நாசிக் போகிறான். கங்காபூர் அணையின் தண்ணீர் பின்னால் தெரிய, கையில் நீளக்கால் கண்ணாடிக் கோப்பையோடு ஒரு போட்டோ. ஊரில் இருக்கும் சித்தப்பா, மாமா எல்லாரும் அதற்கு லைக் போடுகிறார்கள். "மாப்ள, செமையா இருக்குடா இடம்!"

இதே பையன் அதே வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஏதோ ஒரு கண்மாய்க்கரையில், பனை மரத்தடியில், கையில் ஒரு பனையோலைப் பட்டையோடு போட்டோ எடுத்துப் போட்டால்? முதல் போன் அம்மாவிடமிருந்து வரும். ரெண்டாவது போன் எங்கிருந்து வரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

(இதில் ஒரு காமெடி உண்டு. அக்டோபரில் நாசிக் போனால் கொடியில் ஒரு குலைகூடத் தொங்காது. மழை முடிந்து கவாத்து செய்யும் மாதம் அது. அறுவடை ஜனவரியிலிருந்து மார்ச் வரை. பையன் பார்த்துவிட்டு வந்தது வெட்டிவிட்ட குச்சிகளை! போட்டோவில் அது தெரியாது.)

வசதி உள்ளவர்கள் இன்னும் தூரம் போகிறார்கள். சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரியின் வடகரையில் லாவோ என்று ஒரு பகுதி. லொசான் நகரத்து எல்லையில் தொடங்கி ஷியோன் கோட்டை வரை சுமார் 30 கிலோமீட்டர், ஏரியைப் பார்த்துச் சரியும் மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாகக் கல்கட்டு, படி முழுக்கத் திராட்சை. பதினோராம் நூற்றாண்டில் கிறித்தவ மடங்களின் துறவிகள் தொடங்கியது. செப்டம்பர், அக்டோபரில் அங்கே அறுவடை. கொடிகள் மஞ்சளாகி, ஏரி பளபளத்து, எதிரே ஆல்ப்ஸ் நிற்க... அழகுதான், இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தமிழ் சினிமா டூயட் பாட அந்த நாட்டுக்கு ஓடியதும் சும்மா இல்லை.

ஆனால் போய் வந்து எழுதுகிறவர்கள் எல்லாரும் அழகை மட்டும் எழுதுகிறார்கள். அந்த அழகு எப்படி நின்றது என்பதைத்தான் எழுத மாட்டேன் என்கிறார்கள். 1970களில் அந்தச் சரிவுகளில் வீடும் வில்லாவும் கட்ட ஆசைப்பட்டவர்கள் அங்கேயும் இருந்தார்கள். ஏரி தெரியும் ப்ளாட் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? ஃபிரான்ஸ் வேபர் என்ற சுற்றுச்சூழல் போராளி கையெழுத்து வாங்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தார். 1977-இல் வோ மாநில மக்கள் ஓட்டுப்போட்டு, அந்தத் தோட்டங்களைத் தொடக்கூடாது என்று மாநில அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். 2005-இல் மறுபடியும் ஓட்டு, மறுபடியும் அதே தீர்ப்பு. 2007-இல் யுனெஸ்கோ வந்து உலக பாரம்பரியச் சின்னம் என்று பட்டம் கொடுத்தது. பட்டம் கடைசியாக வந்தது. முதலில் வந்தது, அந்த நிலத்தில் உழைக்கிறவன் அங்கேயே உழைத்துப் பிழைக்கலாம் என்ற சட்டம்.

சுவிஸ்காரர்கள் செய்யும் ஒயினில் நூற்றுக்கு ஒன்றோ ரெண்டோ பங்குதான் வெளிநாட்டுக்குப் போகிறது. மிச்சத்தை அவர்களே குடித்துவிடுகிறார்கள். தன் மண்ணில் விளைந்ததைத் தானே குடிப்பதில் அவர்களுக்கு வெட்கம் இல்லை. வெட்கம் இருந்திருந்தால் அந்தக் கல்கட்டு எல்லாம் எப்போதோ இடிந்து ப்ளாட் ஆகியிருக்கும்.

இப்போது ராஜபாளையத்துக்கு வரலாம்.

மேற்கே மலை. மலைக்கு அந்தப் பக்கம் கம்பம் பள்ளத்தாக்கு, அங்கே திராட்சை. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடுகூட கிடைத்துவிட்டது. இந்தப் பக்கம் அய்யனார் கோயில் ஆறும் முடங்கியாறும் இறங்கி வரும் அடிவாரம். ஆறாவது மைல் நீர்த்தேக்கம். அங்கிருந்து மாந்தோப்பு, தென்னந்தோப்பு. சப்பட்டை, பஞ்சவர்ணம் என்று இந்த ஊருக்கே உரிய மாம்பழங்கள். வடக்கே போனால் மம்சாபுரம், செண்பகத்தோப்பு, அதற்கும் மேலே வத்திராயிருப்புப் பக்கம் பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகள். தெற்கே சேத்தூர், தேவதானம். மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் ஒரு கண்மாய் நிரம்பி, மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். மாலையில் மணி கோத்த மாதிரி கண்மாய்கள். கரைகளில் வரிசையாகப் பனை.

மலை, சரிவு, தண்ணீர், மரம். லாவோவில் இருப்பது எல்லாம் இங்கேயும் இருக்கிறது. கோட்டைக்குப் பதில் ஆண்டாள் கோயில் கோபுரம்.

இந்த நிலத்தைப் பார்க்க வேண்டிய பருவமும் இதுதான். சித்திரையில் வந்து பார்த்தால் கண்மாய் முழுக்கக் கருவேல முள்ளும் வெடிப்பும்தான். புரட்டாசியில் வானம் மாறும். ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிய திருவண்ணாமலைக்கு (அக்னி லிங்கம் இருக்கிற ஊர் இல்லை, இது சீனிவாசப் பெருமாள் இருக்கிற சின்ன மலை) புரட்டாசி சனிக்கிழமைகளில் சுற்றுப்பட்டுக் கிராமமே திரண்டு நடக்கும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், ராத்திரி இடித்த இடிக்கு விடிகாலையில் ஓடையில் செம்மண் தண்ணீர் வரும். கண்மாய் பாதி நிறைந்துவிட்டால் நாரையும் நீர்க்கோழியும் வந்துவிடும். மலை உச்சியில் மேகம் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். பழைய தமிழ் இலக்கணக்காரர்கள் ஐப்பசியையும் கார்த்திகையையும் சேர்த்துக் கூதிர் காலம் என்று பெயர் வைத்தார்கள். அந்தக் கூதிர் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டால் ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியகுளம் கண்மாய்க்கரையில் ஒரு சாயங்காலம் நின்றால் போதும். விசா வேண்டாம்.

யார் நிற்கிறார்கள்? ஊர்க்காரர்கள் பால்கோவா வாங்கும் கடையோடு வெளியூர்க்காரர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு வந்தது, சந்தோஷம். பாலில் செய்ததற்கு மரியாதை. மலைக்கு அந்தப் பக்கத் திராட்சைக்கு மரியாதை. கண்மாய்க்கரைப் பனையில் சுரக்கும் சாற்றுக்கு மட்டும் போலீஸ் ஸ்டேஷன்.

அதுவும் எப்படிப்பட்ட சட்டம்! பனையேறுகிறவர் கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் காலையில் இறங்குவது பதநீர். உடம்புக்கு நல்லது, அரசே விற்கச் சொல்கிறது. சுண்ணாம்பு தடவாமல் கட்டினால், காற்றில் இருக்கிற ஈஸ்ட் தன் வேலையைச் செய்ய, அதே சாறு கள். கைது. ஒரு விரல் சுண்ணாம்புதான் தொழிலாளிக்கும் குற்றவாளிக்கும் நடுவே இருக்கிற கோடு. தடுப்பூசி முகாமில் மை வைக்கிற மாதிரி, விரலைப் பார்த்து ஆளை முடிவு செய்கிறார்கள்!

அந்த ஆள் செய்யும் வேலை என்ன என்று ஒயின் சுற்றுலா போகிறவர்கள் ஒரு தடவை பார்க்கலாம். தை, மாசியில் பாளை விட ஆரம்பித்ததிலிருந்து ஆடி வரை, காலையும் மாலையும் ஏற வேண்டும். ஒரு மரம் இல்லை, முப்பது நாற்பது மரம். காலில் தளைநார், இடுப்பில் பாளை அருவாள், நெஞ்சில் மரம் உரசிக் காய்த்துப்போன தோல். ஆண் பாளைக்கு ஒரு கடிப்பு, பெண் பாளைக்கு ஒரு கடிப்பு. பாளையை இடுக்கி நசுக்கிப் பதப்படுத்தி, தினமும் நுனியை மெல்லிசாகச் சீவி, கலயம் மாற்ற வேண்டும். ஒரு நாள் சீவாமல் விட்டால் பாளை அடைத்துக்கொள்ளும். திராட்சை பறிக்கிறவன் தரையில் நின்று பறிக்கிறான். இவர் எழுபது எண்பது அடி உயரத்தில் காற்றில் ஆடிக்கொண்டு பறிக்கிறார். விழுந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவதற்குள் பாதி உயிர் போய்விடும். நாசிக்கில் இதே போன்ற கைத்திறனுக்கு டிக்கெட் போட்டு டூர் நடத்துகிறார்கள். இங்கே அந்தத் திறன் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகாமல் இந்தத் தலைமுறையோடு முடிகிறது. மகன் மில்லுக்குப் போய்விட்டான், அல்லது திருப்பூருக்கு. அவனைக் குறை சொல்ல முடியுமா?

சரி, தடை எப்போதிலிருந்து? 1971-இல் கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது. 1974-இல் மறுபடி மூடியது. 1981-இல் எம்.ஜி.ஆர். அரசு கள்ளுக்கடையும் சாராயக்கடையும் திறந்தது. 1987 ஜனவரி முதல் தேதியிலிருந்து அதே எம்.ஜி.ஆர். அரசு ரெண்டையும் மூடியது. மூடியபோது சீமைச் சரக்கு மூடப்படவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய இடம். 1983-இல் ஆரம்பித்த டாஸ்மாக் நிறுவனம் அப்போது மொத்த வியாபாரம் செய்துகொண்டிருந்தது. 2003-இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. 2024-25-இல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்த வருமானம் 48,000 கோடி ரூபாய்க்கு மேல். 2006-இல் ஒயின் தயாரிப்புக்கென்று தனியாக விதிகளே போட்டார்கள். ஆக, தமிழ்நாட்டில் திராட்சைச் சாறு புளித்தால் அதற்கு விதி இருக்கிறது. பனஞ்சாறு புளித்தால் வழக்கு இருக்கிறது. ரெண்டையும் புளிக்க வைப்பது ஈஸ்ட்தான். அதற்குச் சட்டம் தெரியாது.

ராஜபாளையம் என்றதும் ஒருவரைச் சொல்லாமல் போக முடியாது. பூ.ச. குமாரசுவாமி ராஜா. 1949-லிருந்து 1952 வரை சென்னை மாகாணத்தின் முதல்வர். சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்த காந்தியவாதி. அவருக்கு முன்பிருந்த ஓமந்தூரார் ஆட்சியில் 1948-இல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தது. ராஜா அதைத் தொடர்ந்து நடத்தினார். கள்ளுக்கு ஆதரவாகப் பேசினால் "ராஜா பிறந்த ஊரில் இப்படிப் பேசலாமா" என்று கேட்கும் பெரியவர்கள் இன்றும் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் ராஜாவின் மதுவிலக்கு எல்லா மதுவுக்கும் விலக்கு. கள்ளும் இல்லை, சாராயமும் இல்லை, கடையில் பிராந்தியும் இல்லை. மதுவிலக்கால் போகும் வருமானத்தை ஈடுகட்ட ராஜாஜி 1939-லேயே விற்பனை வரி கொண்டுவந்திருந்தார். இழப்பதை இழந்து, அதற்கு ஒரு வழியும் பார்த்துவிட்டுத் தடை போட்டவர்கள் அவர்கள். அவர்களோடு சண்டை போடலாம், ஆனால் பொய் என்று சொல்ல முடியாது. இன்று நடப்பது அவர்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு நடக்கும் வேறு வியாபாரம். கள்ளை மட்டும் தடுத்து வைத்துவிட்டுப் பாட்டிலை அரசே விற்பதற்குக் காந்தியம் என்று பெயர் இல்லை. போட்டியாளரை ஒழிப்பது என்று மார்க்கெட்டில் சொல்வார்கள்.

வள்ளுவரைக் கொண்டுவருகிறவர்களும் உண்டு. கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரமே இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. வள்ளுவர் காலத்தில் டாஸ்மாக் இல்லை. இருந்திருந்தால் எந்த அதிகாரத்தை எங்கே வைத்திருப்பார் என்பதை அவரவர் யோசித்துக்கொள்ளலாம். வள்ளுவர் பேசியது போதையைப் பற்றி. கள்ளில் ஆல்கஹால் நூற்றுக்கு நாலிலிருந்து ஆறு. டாஸ்மாக் பிராந்தியில் 42.8. ஆறைத் தடுத்து நாற்பத்திரண்டை விற்கிறவர்கள் தங்கள் ஆபீஸ் சுவரில் வள்ளுவர் படம் மாட்டும்போது கொஞ்சமாவது கூச்சப்பட வேண்டாமா?

"ஆண்டாள் பிறந்த ஊரில் கள்ளா?" இது இன்னொரு கேள்வி. அதே ஊரில் டாஸ்மாக் கடை இருக்கிறது, சாயங்காலம் ஆறு மணிக்கு அங்கே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதும் கேட்கிறவருக்குத் தெரியும். அந்தக் கடை ஆண்டாளுக்குத் தெரியாது, பனை மரம் மட்டும் தெரியுமா?

இதையெல்லாம்விட வலுவான எதிர்வாதம் ஒன்று இருக்கிறது, அதை நையாண்டியால் தாண்ட முடியாது. கலப்படம். கள்ளில் போதை கூட்ட எதையெல்லாமோ கலப்பார்கள், ஏழைகள் சாவார்கள் என்பது. கள் சட்டப்படி விற்கும் கேரளத்திலேயே 2010 செப்டம்பரில் மலப்புறத்தில் கலப்படக் கள் குடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தடை இருக்கும் தமிழ்நாட்டில் என்ன நடந்தது? 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டுப் பக்கமும் 20-க்கும் மேற்பட்டோர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டோர். ரெண்டு இடத்திலும் கொன்றது மெத்தனால். டாஸ்மாக் குவார்ட்டருக்குக் காசில்லாத கூலிக்காரன், அதைவிட மலிவாகக் கிடைத்த பாக்கெட்டைத் தேடிப் போனான். அவன் கையெட்டும் தூரத்தில், அவன் கையெட்டும் விலையில், யார் இறக்கியது என்று ஊருக்கே தெரிந்த ஒரு பானம் இருந்திருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள் என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் தடை அவர்களைக் காப்பாற்றவில்லை என்பது மட்டும் சுடுகாட்டுக் கணக்கில் இருக்கிறது.

பெண்கள் கேட்பதும் இருக்கிறது. "எந்தக் கருமத்தைக் குடிச்சா என்ன, அடி எங்களுக்குத்தானே" என்பார்கள். இதற்கு, கள் வந்தால் குடும்பம் செழிக்கும் என்று பதில் சொல்கிறவன் ஏமாற்றுக்காரன். கள்ளும் குடிதான். அதுவும் குடும்பத்தைக் கெடுக்கும். அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் ஒன்றுதான்: கடையை மூடுவதென்றால் எல்லாக் கடையையும் மூடு, திறப்பதென்றால் கெடுதல் குறைந்ததை முதலில் திற. இப்போது இருப்பது தலைகீழ்.

தலைகீழ் எவ்வளவு தூரத்தில் நேராகிறது தெரியுமா? ஒரு பஸ் தூரம். திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் நெடுஞ்சாலை ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத்தான் போகிறது. சிவகிரி, புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை. புளியரை செக்போஸ்ட் தாண்டினால் கள் சட்டப்படியான பானம். அதே மலை, அதே தென்னை, சாலையோரத்தில் கறுப்பு எழுத்துப் போர்டு, உள்ளே கப்பையும் மீன் கறியும். இன்னும் போனால் கொல்லத்தில் அஷ்டமுடி ஏரி. ராஜபாளையத்திலிருந்து கிட்டத்தட்ட 150 கிலோமீட்டர். ஐப்பசியில் ஏரிக்கரையில் உட்கார்ந்து உள்ளூர் மது குடிக்க வேண்டும் என்ற ஆசை ஒரு நாளில் தீர்ந்துவிடும், ரயிலே இருக்கிறது. வார இறுதியில் இந்தப் பக்கத்துக் கார்கள் அந்தப் பக்கம் போவதும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். போய் வந்து "கேரளா கேரளாதான்யா" என்பார்கள். புளியரைக்கு இந்தப் பக்கம் பனையேறுகிறவர் பிடிபட்டால் அவர்களே "கள்ளச்சாராயக் கும்பல்" என்பார்கள்.

கேரளத்தில் கள் இறக்குகிறவர்களுக்கு 1969-லேயே நல நிதிச் சட்டம் வந்துவிட்டது. தமிழ்நாட்டிலும் பனைமரத் தொழிலாளர்களுக்கு நல வாரியம் உண்டு. அங்கே தொழிலுக்கு நலநிதி. இங்கே தொழிலில் பாதியைக் குற்றமாக்கிவிட்டு மீதிப் பாதிக்கு நலவாரியம்.

தென்னைக்காரர் கதையும் ஏறக்குறைய இதுவே. தேவதானத்திலிருந்து வத்திராயிருப்பு வரை அடிவாரத்துத் தோப்புகளில் ராத்திரி யானை இறங்கிக் குருத்தைப் பிடுங்குகிறது. 2021-இல் அந்த மலை ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் ஆகிவிட்டது. நல்லதுதான், காடு இருந்தால்தான் கண்மாய்க்குத் தண்ணீர். ஆனால் தோப்புக்காரருக்கு வெள்ளை ஈயும் வந்தாயிற்று. 2017-இல் அரசு நீரா இறக்க அனுமதி கொடுத்தது. புளிக்காத தென்னஞ்சாறு. அதற்கு உரிமம், உற்பத்தியாளர் கம்பெனி, குளிர்பெட்டி, புளிக்கவிடாத திரவம். புளிப்பது அதன் இயல்பு, புளிக்கவிடாமல் வைப்பதுதான் செலவு. சின்னத் தோப்புக்காரர் எத்தனை பேரால் அந்தச் செலவைத் தூக்க முடியும்? ராஜபாளையத்தில் டீக்கடை எண்ணுகிற மாதிரி நீராக் கடை எண்ண யாராலும் முடியாது.

இத்தனைக்கும் நடுவே பனை போய்க்கொண்டிருக்கிறது. பனை தமிழ்நாட்டின் மாநில மரம். ஏறாத மரத்தால் வருமானம் இல்லை, வருமானம் இல்லாத மரம் செங்கல் சூளைக்கு விறகு. 2021 வேளாண் பட்ஜெட்டில் பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும் என்றார்கள், 30 மாவட்டங்களில் 76 லட்சம் பனை விதை கொடுப்போம் என்றார்கள். நல்ல அறிவிப்பு. ஆவணி புரட்டாசியில் பனம்பழம் விழும். மழைக்கு முன்னால் கொட்டையை ஊன்றினால் ஐப்பசி ஈரத்தில் வேர் இறங்கும். கல்லூரிப் பிள்ளைகளும் ஊர் இளைஞர்களும் கண்மாய்க்கரைகளில் சாக்கு சாக்காக ஊன்றுகிறார்கள். பனை பாளை விடவே குறைந்தது பன்னிரண்டு, பதினைந்து வருடம். ஊன்றியாயிற்று. பதினைந்து வருடம் கழித்து ஏற ஆள் எங்கே? ஏறினால் என்ன செக்‌ஷன்? இதைப் பட்ஜெட்டில் சொல்லவில்லை.

கள்ளுக்கு ஆதரவாகப் பேசுகிறவர்களிடமும் கோளாறு இருக்கிறது. நல்லசாமியின் கள் இயக்கம் கள் கெடுதல் என்று நிரூபித்தால் பரிசு என்கிறது. 2025 ஜூனில் சீமான் தூத்துக்குடி மாவட்டத்தில் பனை ஏறிக் கள் இறக்கிக் காட்டினார். கவனம் கிடைத்தது, சரி. ஆனால் "கள் மதுவே இல்லை, உணவு; மருந்து" என்று போகும் பேச்சு பனையேறிக்கு உதவாது. நாளைக்கு எந்த டாக்டராவது ஈரல் படத்தைக் காட்டினால் வாதம் மொத்தமும் சரிந்துவிடும். சங்க இலக்கியத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களும் அப்படியே. அதியமான் குடித்தான் என்பதற்காக அண்ணாச்சி குடிக்கலாம் என்றால், அதியமான் செய்த மற்ற எல்லாவற்றையும் அனுமதிக்க வேண்டி வரும்! கள் லேசான மது. லேசான மதுவை அளவோடு விற்கலாம். இவ்வளவுதான் வாதம், இதற்குப் புறநானூறு தேவையில்லை.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. நாளைக்கே தடை போனால் செண்பகத்தோப்பு ரோட்டில் ரிசார்ட் கட்டி, "ஹெரிட்டேஜ் டாடி டேஸ்டிங்" என்று போர்டு வைத்து, பனையோலைப் பட்டையை முந்நூறு ரூபாய்க்கு விற்கக் காத்திருக்கும் கூட்டம். புலிகள் காப்பகத்தின் விளிம்பில் அது வந்தால் கண்மாய்க்கு வரும் ஓடைகளைத்தான் முதலில் மறிக்கும். லாவோவில் மக்கள் ஓட்டுப்போட்டுத் தடுத்தது இந்த ஆட்களைத்தான், குடியை அல்ல.

என்ன செய்யலாம்? ரொம்பப் பெரிசாக ஒன்றும் வேண்டாம். கண்மாய்க்கரைப் பனைகளை ஏலத்தில் மொத்தமாக ஒருவருக்கு விடாமல், ஏறத் தெரிந்த ஆளுக்கு, அவர் பெயரில், மரத்துக்கு எண் போட்டுக் கொடுக்கலாம். பதநீர் இறக்குவதா கள் இறக்குவதா என்பதை அவரே முடிவு செய்யட்டும். கள் என்றால் இறக்கிய அன்றே, இறக்கிய ஊரிலேயே, பாட்டிலில் அடைக்காமல் விற்க வேண்டும். லாரி ஏறினால்தான் கலப்படம் ஏறும். மாதம் ஒரு தடவை சாம்பிள் எடுக்க உணவுப் பாதுகாப்புத் துறை இருக்கிறது, பால்கோவாவுக்கு எடுக்கிற அதே ஆட்கள். கலந்தவன் எண் தெரியும், மரம் தெரியும், வீடு தெரியும். அவனுக்கு மறுபடி மரம் கிடையாது. வரும் உரிமக் கட்டணம் அந்தக் கண்மாயின் மடைக்கும் கரைக்கும் போகட்டும். எந்த ஊர் வேண்டாம் என்று கிராமசபையில் தீர்மானம் போடுகிறதோ அந்த ஊருக்கு வேண்டாம். அந்த ஓட்டில் பெண்கள் எண்ணிக்கை பாதிக்குக் குறையக்கூடாது. அதே கிராமசபை டாஸ்மாக் வேண்டாம் என்றால் அதையும் அன்றே பூட்ட வேண்டும்.

இந்தக் கடைசி வரிக்குத்தான் கோட்டையில் சம்மதம் கிடைக்காது. கள்ளுக்குக்கூட ஒரு நாள் கிடைத்துவிடலாம்.